‘படுக்கை இல்லை’ என்ற பதிலுக்குப் பிறகு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை, குளச்சல், தக்கலை என்று எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும், நோய் முற்றியிருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் எழுதித் தருவார்கள். அதில் தவறில்லை. எந்த நிலையில், எப்படி அனுப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

1992இல் மேற்கு வங்கத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் பிழைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவசர சிகிச்சையை உரிய நேரத்தில் தர அரசு மருத்துவமனை தவறினால், அது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996இல் தீர்ப்பு வந்தது. நிதி இல்லை என்பதைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் கூறிவிட்டது. இழப்பீடு 25,000 ரூபாய். தொகை சிறியதுதான், தீர்ப்பு இன்றும் நாடு முழுவதற்கும் செல்லும்.

முதற்சிகிச்சை தந்து நோயாளியின் நிலையைச் சீராக்குவது, படுக்கை எங்கே காலியாக இருக்கிறது என்று கேட்டறிய ஏற்பாடு, கருவிகளோடு ஆம்புலன்ஸ் ஆகியவையும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே வேறிடத்துக்கு அனுப்பும்போது, கொடுத்த மருந்தையும் நேரத்தையும் குறித்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 108 வேண்டும் என்று சொல்லுங்கள். என் சித்தியை ஓரிடத்தில் வெறும் வாய்வார்த்தையோடு அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து தொடங்கியது.

சாலை விபத்துக்கு வழி இன்னும் எளிது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும்தான். காப்பீட்டு அட்டை தேவையில்லை, வருமான வரம்பும் இல்லை. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். மார்த்தாண்டத்தில் அடிபட்ட, கேரளத்துப் பாறசாலைக்காரருக்கும் உண்டு. போலீஸ் வந்த பிறகு பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்க வைக்கக்கூடாது. 1989லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது.

மற்ற நோய்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகம் போக வேண்டும். ஆள் படுக்கையில் விழுந்த பிறகு இதற்காக அலைவது பெரிய கொடுமை, அட்டையை இப்போதே எடுத்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், அறுவை சிகிச்சை என்றால் 7 நாள். வீடு திரும்பவும் வண்டி உண்டு.

புகார் இருந்தால் 104ஐ அழைக்கலாம். எழுதிக் கொடுப்பதானால் முகவரியில் கவனம் வேண்டும்: ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி முதல்வரின் பொறுப்பு, தக்கலையும் குழித்துறையும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரின் பொறுப்பு. மாற்றிக் கொடுத்தால் மனு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.