ப்ரொமோதோரா வீட்டுக்கே வருவார், டாக்டரிடம் கேளுங்கள்

அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு உடல் பருமன். லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 26.2 சதவீதம், அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல். இது 2017 முதல் 2020 மார்ச் வரையிலான கணக்கு. பிள்ளைக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறார், தெருவில் ஓடியாட இடமில்லை என்றால், டாக்டர் ஆங்கிலத்தில் "எடையைக் குறைக்கணும்" என்று சொல்லி அனுப்புவதால் அந்த வீட்டில் எதுவும் மாறாது.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கான அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மெடி-கால் என்று பெயர். 2022 ஜூலை 1 முதல் சமூக சுகாதாரப் பணியாளரின் சேவைக்கும் அதுவே பணம் கொடுக்கிறது. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இவர்களை ப்ரொமோதோரா என்பார்கள், பெரும்பாலும் அதே பகுதிப் பெண்கள்தான். தாங்கள் பார்க்கப்போகும் மக்களின் வாழ்க்கையைத் தாங்களே வாழ்ந்து அறிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டாலும், கடந்த 3 ஆண்டுகளில் 2,000 மணி நேரம் இந்த வேலை பார்த்திருந்தால் சேரலாம். திட்டத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் அனுபவத்தையும் ஒரு தகுதியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ப்ரொமோதோரா வந்து என்ன செய்வார்? சமையலறை மேசையில் ஒரு 355 மில்லி கோலா டப்பாவையும் பக்கத்தில் ஒரு காலி டம்ளரையும் வைத்து, அந்த டப்பாவில் இருக்கிற 39 கிராம் சர்க்கரையைத் தேக்கரண்டியால் அளந்து போடச் சொல்வார். பையனே எண்ணிப் போட்டால் கிட்டத்தட்ட பத்துக் கரண்டி வரும். அதைக் கண்ணால் பார்த்த வீட்டில், அடுத்த வாரம் சந்தையில் என்ன வாங்கலாம் என்ற பேச்சு தானாக வரும்.

இந்தச் சேவையைப் பெற டாக்டர், நர்ஸ் போன்ற உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். பிள்ளையின் நலனுக்காகப் பெற்றோரிடம் பேசுவதும் இதில் அடங்கும், வீட்டிலும் நடத்தலாம், குழுவாகவும் நடத்தலாம். பிள்ளைக்குக் குடியேற்றக் காகிதம் இல்லையே என்று தயங்க வேண்டாம், வருமான வரம்புக்குள் வரும் பிள்ளைகளுக்கு மெடி-காலில் சேர 2016 மே மாதத்திலிருந்தே அது ஒரு தடையில்லை.

6 வயதோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைக்கு எடை ரொம்ப அதிகமாக இருந்தால், அதாவது உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் எடை அளவு (பிஎம்ஐ) அதே வயது, அதே பாலினத்துக்கான அட்டவணையில் 95-ஆம் சதமானத்தை, அதாவது நூறில் 95 பிள்ளைகளுக்கு மேலான இடத்தைத் தொட்டுவிட்டால், ஓராண்டுக்குள் குறைந்தது 26 மணி நேரம் குடும்பத்தோடு உட்கார்ந்து உணவு, உடற்பயிற்சி, பழக்கம் எல்லாம் பேசும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு (USPSTF) என்ற நிபுணர் குழுவின் 2024 பரிந்துரை. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் சிகிச்சையை மெடி-கால் தர வேண்டும் என்பதும் சட்டம். அதனால் பக்கத்தில் அப்படி ஒரு பயிற்சி எங்கே நடக்கிறது என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

அப்புறம், கலிபோர்னியா அரசுப் பள்ளியில் காலை, மதியச் சாப்பாடு 2022-23 கல்வியாண்டிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் காப்பீட்டு அட்டையில் உள்ள உறுப்பினர் சேவை எண்ணுக்குப் பேசுங்கள். ஸ்பானிஷிலேயே பேசலாம். டாக்டரிடம் போகும்போதும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள், 14 வயதுப் பிள்ளை தன் எடையைப் பற்றி டாக்டர் சொல்வதைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கும்படி விட்டுவிடாதீர்கள்.