கனெஸ்த்ரெல்லி: பொருளும் மூலமும் தமிழ்ப் பெயரும்

ஸ்டார்டியூ வேலி என்ற வீடியோ விளையாட்டில் ஈவ்லின் பாட்டியிடம் நன்றாகப் பழகினால், தன் குக்கீ செய்முறையைக் கொடுப்பார். கோதுமை மாவு, சர்க்கரை, முட்டை, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது. விளையாட்டு அடுப்புக்கு அது போதும்; வீட்டு ஓவனில் வைத்தால் கடக் முடக்கென்று ஏதோ ஒன்றுதான் வரும். அதே மூன்றோடு வெண்ணெயும் சேர்த்துச் சுட நினைப்பவருக்கு நான் கைகாட்டுவது இத்தாலியின் கனெஸ்த்ரெல்லியை.

ஜெனோவா நகரம் இருக்கும் லிகூரியா பகுதியின் பிஸ்கட் இது. அங்கே தொர்ரீலியா என்ற மலையூர் இதற்குப் பெயர்போனது. பூ வடிவம், நடுவில் ஓட்டை, மேலே பொடித்த சர்க்கரை. ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பக்கத்துப் பியேமோந்தே பகுதியில் கனெஸ்த்ரெல்லி என்று கேட்டால், சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்திச் சுட்ட மெல்லிய வில்லை வரும். லிகூரியாவிலேயே தாஜ்ஜா என்ற ஊரில் ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசைந்த உப்பு வளையம்தான் கனெஸ்த்ரெல்லி.

‘கனெஸ்த்ரோ’ என்றால் இத்தாலியத்தில் கூடை. ‘எல்லோ’ சிறுமை காட்டும் விகுதி. ஆக, சிறுகூடை. இந்தக் கூடை லத்தீன் வழியாக வந்தது. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் நாணலைக் குறிக்கும் ‘கன்னா’வில் போய் நிற்கிறது. டீத்தூள் போட்டுவைக்கும் கேனிஸ்டரும் இதே குடும்பம்தான். சுட்டதைக் கூடையில் ஆறவைத்ததால் வந்த பெயர் என்பார்கள். இருக்கலாம், பூவைப் பார்த்தால் எனக்குக் கூடை தோன்றவில்லை.

இதன் சூட்சுமம் வேகவைத்த மஞ்சள் கருவில் இருக்கிறது. பச்சை முட்டையில் உள்ள ஈரம் மாவை இழுத்துக் கட்டிவிடும். வெந்த கருவைச் சல்லடையில் தேய்த்துச் சேர்த்தால் கொழுப்பு மட்டும் போய்ச் சேரும், கட்டும் வேலை நடக்காது. பிஸ்கட் வாயில் போட்டதும் மணல்போல் உதிர்வது அதனால்தான். 150 கிராம் மைதா, 100 கிராம் கார்ன்ஃப்ளார், 150 கிராம் வெண்ணெய், 75 கிராம் சர்க்கரைப் பொடி, 3 வெந்த கரு, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். பிசைந்து ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டி, 170 டிகிரியில் சுமார் 15 நிமிடம். சிவக்கவிடக் கூடாது. சூட்டோடு தொட்டால் உடைந்துவிடும். நன்றாக ஆறிய பிறகே சர்க்கரை தூவ வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பிஸ்கட்டுக்கு ‘ஈரட்டி’ என்ற ஆக்கம் உண்டு. அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பும் அடிசிலும் அதிலிருந்து வந்தவைதாம். இருமுறை அட்டது ஈரட்டி. பிஸ்கட் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் அதே பொருள்தான் என்பதால் அழகான ஆக்கம். கனெஸ்த்ரெல்லியோ ஒருமுறைதான் ஓவனுக்குள் போகிறது. அதற்காக ஈரட்டி பொருந்தாது என்று சொல்லிவிட முடியாது; இத்தாலியரே ஒருமுறை சுட்டதையும் ‘பிஸ்கோத்தி’ என்றுதான் அழைக்கிறார்கள்.

அந்தப் பிஸ்கோத்தியைக் கேட்டால் நம் பழைய ‘பிஸ்கோத்து’ ஞாபகம் வரும். அது போர்ச்சுகீசியர் வழி வந்த சொல். குக்கீயோ டச்சுக்காரர் தந்தது. ‘சிறு கேக்’ என்று பொருள். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களவர் சுடும் கொக்கிஸ் பலகாரத்தின் பெயரும் அதே டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பண்டம் என்னவோ நம் அச்சு முறுக்குக்கு நெருங்கிய உறவு.

என் தீர்ப்பு: வகைப் பெயராக ‘வெண்ணெய் பிஸ்கட்’ போதும், தனித்தமிழ் வேண்டுவோர் ‘வெண்ணெய் ஈரட்டி’ எனலாம். கனெஸ்த்ரெல்லியைச் சிறுகூடை என்று மாற்றினால் கடையில் பிரம்புக் கூடைதான் கிடைக்கும். பெயரை அப்படியே விடலாம். எழுதும்போது ‘ட்’ வேண்டாம், இத்தாலிய ஒலி ‘த்’. ஒன்று என்றால் கனெஸ்த்ரெல்லோ. கனெஸ்த்ரெல்லி ஏற்கெனவே பன்மை, அதனால் ‘கள்’ தேவையில்லை.