அல்ட்ரா டிரெயில்: 'அதி தட ஓட்டம்' அன்று

ஜப்பானிய வீரர் கபுராக்கி சுயோஷியைப் பற்றி அண்மையில் வாசித்த தமிழ்க் குறிப்பும் அவரை 'அதி தட ஓட்ட வீரர்' என்றே அறிமுகம் செய்தது. மலை, காட்டுப் பாதைகளில் நெடுந்தொலைவு ஓடும் 'அல்ட்ரா டிரெயில்' பந்தயத்துக்குத் தமிழாக்கமாக வழங்கும் இத்தொடரைப் பலமுறை பொறுத்தாயிற்று.

'டிரெயில்' என்பது இழுத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியே வந்த சொல். இழுபட்ட பொருள் விட்ட சுவடு என்பது பின்னர்க் கால்பட்டுத் தேய்ந்த வழியாயிற்று. 'அல்ட்ரா' என்றால் அப்பால், அதாவது மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு அப்பால். 'அதி' மிகுதியைக் குறிப்பது. 'அதி ஓட்டம்' என்றால் வேகம்தான் நினைவுக்கு வரும், தொலைவு வராது.

வண்டித்தடம், கால்தடம் என்னும் வழக்குகளை நோக்கினால் 'தடம்' மூலப்பொருளுக்கு நெருங்கியதே என்பதை மறுக்கவில்லை. ஆனால் தடகளம் என்ற சொல் வேரூன்றிவிட்ட பின், 'தட ஓட்டம்' என்று படிப்பவர் மனத்தில் எழுவது 400 மீட்டர் வட்டப் பாதையே அன்றி, வேரும் கல்லும் காலை இடறும் ஒற்றையடிப் பாதையன்று. போதாக்குறைக்கு, அச்சில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அது 'தடை ஓட்டம்' ஆகி, வீரர் தடை தாண்டத் தொடங்கிவிடுவார். தனித்தமிழ் அன்பர் சிலர் சங்கச் சொல்லான 'அதர்' என்பதை மீட்டு 'அதரோட்டம்' எனலாம் என்கின்றனர். சொல் அழகியதுதான், எனினும் இன்றைய வாசகருக்கு அதரம் உதடாயிற்றே!

கபுராக்கிக்கு இப்பெயர் பொருந்தாமைக்கு அவர் வாழ்க்கையே சான்று. 1968-இல் பிறந்த அவர், வசேதா பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஹக்கோனே எக்கிடென் என்னும் சாலைத் தொடரோட்டத்தில் ஓடும் கனவைக் காயத்தால் இழந்து, குன்மா மாகாண அரசு ஊழியரான பிறகு, 28 வயதில் மலைப்பந்தயத்தைக் கண்டடைந்தார். 2009-இல், நாற்பது வயதில், கலிபோர்னியாவின் 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' நூறு மைல் பந்தயத்தில் இரண்டாமிடமும், ஆல்ப்ஸின் மோன் பிளாங் மலைத்தொகுதியைச் சுற்றி 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பந்தயத்தில் மூன்றாமிடமும் பெற்றார். சமதளத்தில் கிட்டாததை மலையில் பெற்றவரைத் தடகளத்துக்கே திருப்பியனுப்புகிறது நம் மொழிபெயர்ப்பு.

ஜப்பானியர் பேச்சில் 'டிரெயில் ரன்னிங்' என்னும் கடன்சொல்லைத் 'தொரெரன்' என்று சுருக்கிக்கொண்டாலும், 1993-இல் தொடங்கிய ஹசெட்சுனே கோப்பை என்னும் மலைப்பந்தயத்துக்கு 'சங்காக்கு தாய்க்யூ', அதாவது மலைத் தாக்குப்பிடிப்பு, என்று தம் சொற்களாலேயே பெயரிட்டனர். நிலமும் உடல் வலிமையும் அதில் தெளிவாக உள்ளன. நம் மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகர்கின்றனர்.

என் தெரிவு 'மலைவழி நெட்டோட்டம்'. எல்லா டிரெயிலும் மலையில் இல்லையே என்பார்க்கு, காட்டுவழி, பாலைவழி என நிலத்துக்கேற்ப முன்சொல்லை மாற்றிக்கொள்ளத் தமிழ் இடந்தருகிறது. 2012-இல் கபுராக்கி முன்னின்று தொடங்கிய 'அல்ட்ரா டிரெயில் மவுண்ட் ஃபுஜி' போன்ற பந்தயப் பெயர்களை அப்படியே எழுதுவதில் தவறில்லை. அது எவ்வகைப் பந்தயம் என்று விளக்கும் இடத்தில் மட்டும் மலைவழி நெட்டோட்டம் என்று எழுதுக.