ப்ராக்ஸி: பதிலியா, பினாமியா, வாயிலா?

மதுரைக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு ‘ப்ராக்ஸி’ என்ற சொல் கணினி வகுப்பில் அறிமுகமானதில்லை, வருகைப் பதிவில் அறிமுகமானது. மேட்னி ஷோவுக்குப் போய்விட்ட நண்பனுக்காகக் குரலை மாற்றி ‘உள்ளேன் ஐயா’ சொல்வதுதான் ப்ராக்ஸி போடுவது. அதனாலேயே இந்தச் சொல்லில் ஒரு திருட்டு வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் சொல்லின் பிறப்பில் அந்த வாடை கிடையாது.

லத்தீனில் ‘ப்ரோ’ என்றால் சார்பாக, ‘கூராரே’ என்றால் கவனித்துக்கொள்வது. ‘ப்ரோகூராரே’ என்று இரண்டும் சேர்ந்தால் இன்னொருவர் சார்பில் காரியம் பார்ப்பது. அதன்வழி வந்த ‘ப்ராக்யூரசி’ என்ற ஆங்கிலச் சொல் பேச்சில் தேய்ந்து ப்ராக்ஸி ஆனது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நடக்கிற நெல் கொள்முதலை ஆங்கில நாளிதழ்கள் ‘ப்ரொக்யூர்மென்ட்’ என்று எழுதுகின்றனவே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான்.

சட்டம் இந்தச் சொல்லைக் கறாராக வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, பொதுக்கூட்டத்துக்கு வரமுடியாத பங்குதாரர் எழுத்துமூலம் ஒருவரை ப்ராக்ஸியாக அனுப்பலாம். வருகிறவர் வாக்குச்சீட்டு முறையில் வாக்களிக்கலாம், கூட்டத்தில் பேச முடியாது. யார் சார்பில், எதற்காக, எந்த அளவுக்கு என்ற மூன்றும் தெளிவாக இருந்தால்தான் அந்த ஆள் செல்லுபடியாவார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வக்காலத்து என்றால் ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளையில் எல்லோருக்கும் புரியும், ஆனால் அது வழக்கறிஞரோடு கட்டுண்ட சொல். முகவர் என்றால் எல்.ஐ.சி.க்காரர்தான் கண்முன் வருவார். பினாமி என்பது கூடவே கூடாது. பாரசீகத்தில் அதற்குப் பொருளே ‘பெயரில்லாமல்’ என்பது. உண்மையான ஆளை மறைப்பதற்காகவே நிற்பவர் பினாமி. ப்ராக்ஸி அப்படியல்ல, இன்னார் சார்பில் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நிற்பவர்.

எனக்கு ஆசையான சொல் ஒன்று உண்டு: வாயில். தொல்காப்பியக் கற்பியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது போகிறவர்களுக்கு வாயில்கள் என்று பெயர். தோழி, பாணன், விறலியர் என்று பன்னிரண்டு பேரைப் பட்டியலே போட்டிருக்கிறார்கள். தூதாளைத் திருப்பி அனுப்பினால் அது ‘வாயில் மறுத்தல்’. ஆளும் அவரே, கதவும் அவரே என்கிற அந்தச் சொல், நம் கணினிக்காக வெளியே போய்வருகிற ப்ராக்ஸி சர்வருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. என்ன செய்வது, ஒரு வலையமைப்பை இன்னொன்றோடு இணைக்கும் ‘கேட்வே’ என்பதற்கு நுழைவாயில் என்று ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். இரண்டையும் ஒரே கட்டுரையில் போட்டால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆக மிஞ்சுவது பதிலாள், பதிலி. ஆள் என்றால் பதிலாள், கருவி என்றால் பதிலி. பதிலிச் சேவையகம் என்பது சரியான வழக்கு. (பதில் என்பதே அரபியின் ‘பதல்’, அதாவது ஈடு அல்லது மாற்று என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவான கருத்து. தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கலாம். நானூறு மைல் தாண்டி வந்த சொல்லோ நாலாயிரம் மைல் தாண்டி வந்த சொல்லோ, நம்மூரில் குடியேறியாயிற்று.)

கணினி உலகில் இந்தச் சொல் வலைக்கு முன்பே உண்டு. 1986இல் மார்க் ஷப்பீரோ என்ற கணினி ஆய்வாளர், பல கணினிகள் சேர்ந்து இயங்கும் பரவல் கணினி முறைகள் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ப்ராக்ஸி இருக்கிறது. 1994இல் ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்னின் வலைச் சேவையக மென்பொருளில் ப்ராக்ஸி வசதி சேர்ந்தது. ஃபயர்வால் என்கிற பாதுகாப்புத் தடுப்புக்கு உள்ளே இருப்பவர்கள் வெளியுலக வலையைப் பார்ப்பதற்குத்தான் அது முக்கியமாகத் தேவைப்பட்டது. இன்று வடபழஞ்சியிலோ இலந்தைக்குளத்திலோ ஐ.டி. பூங்காவில் வேலை செய்கிறவர் அலுவலகத்தில் சந்திப்பதும் அதே ஏற்பாடுதான். அவருடைய கணினி வெளியே போகாது, பதிலி போய் வாங்கிக்கொண்டு வரும்.

அங்கிருந்து ஒரு தம்பி அடிக்கடி போன் போடுவான். “அண்ணே, குரோம்ல எல்லாம் ஓடுது. இந்த சாஃப்ட்வேர் மட்டும் நெட்டே இல்லைங்குது.” சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு போனால் பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

முதலில், பதிலி ஒன்று இருப்பதே அந்த மென்பொருளுக்குத் தெரியுமா? குரோம் மாதிரி உலாவி விண்டோஸின் ப்ராக்ஸி அமைப்பைத் தானே படித்துக்கொள்ளும். மேசைக்கணினி மென்பொருள்கள் பல அப்படியில்லை, நேராக வெளியே போகப் பார்த்து முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று செய்தி வரும். உடனே எல்லோரும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். மேல் பழிபோடுவார்கள். ஆனால் பதிலி வழியாகப் போகும்போது வெளித்தளத்தின் முகவரியைத் தேடுவதும் பதிலியின் வேலை. உள்ளே இருக்கிற கணினிக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருப்பது பல அலுவலகங்களில் இயல்புதான். மென்பொருளின் நெட்வொர்க் அமைப்பில் பதிலியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் கையால் நிரப்பிப் பாருங்கள். 8080 அல்லது 3128 என்று இருப்பது வழக்கம். சில இடங்களில் விண்டோஸ் அமைப்பில் முகவரிக்குப் பதில் எந்தத் தளத்துக்கு எந்தப் பதிலி என்று சொல்லும் பேக் (PAC) கோப்பின் இணைப்பு மட்டும் இருக்கும். அது உண்மையில் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல். அதை ஓட்டத் தெரியாத மென்பொருளுக்கு, கோப்பைத் திறந்து உள்ளே இருக்கிற முகவரியை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். பின்னணியில் ஓடும் சர்வீஸ் என்றால் இன்னொரு சிக்கல்: பயனருக்கு வைத்த அமைப்பு அதற்குப் பொருந்தாமல் போகலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘netsh winhttp show proxy’ என்று அடித்தால் அந்தப் பக்கத்து நிலவரம் தெரியும்.

அடுத்தது, யார் சார்பில் போவது என்று பதிலிக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் 407 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும். வாயில் மறுத்தல் என்றேனே, அதுதான் இது, மறுப்பது மட்டும் வாயிலே. 401 வந்தால் கடவுச்சொல் கேட்பது தொலைவில் உள்ள தளம், 407 வந்தால் கேட்பது நம் அலுவலகப் பதிலி. இது புரியாமல் தளத்தின் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் ஏராளம். உலாவி நம் விண்டோஸ் உள்நுழைவைக் கெர்பரோஸ் அல்லது என்.டி.எல்.எம். என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் சத்தமில்லாமல் காட்டிவிடும். அந்த முறைகள் தெரியாத மென்பொருளுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் தனியாகத் தர வேண்டும். கடவுச்சொல்லில் @ இருந்து, அதை ப்ராக்ஸி முகவரியோடு ஒரே வரியில் எழுத நேர்ந்தால், @க்குப் பதில் %40 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் கடவுச்சொல் எங்கே முடிகிறது, முகவரி எங்கே தொடங்குகிறது என்று மென்பொருள் குழம்பிவிடும். 403 வந்தால் உங்களைத் தெரிகிறது, அனுமதி இல்லை. அங்கே நாம் நோண்ட ஒன்றுமில்லை.

மூன்றாவதாகச் சான்றிதழ்ப் பிழை, அதாவது தளம் உண்மையானதுதான் என்று காட்டும் மின்சான்றிதழில் வரும் சிக்கல். பல நிறுவனங்களில் பதிலி மறையாக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தளத்தின் பெயரில் தானே ஒரு சான்றிதழ் தயாரித்து நீட்டும். கண்டிப்பாகச் சொன்னால் இது பதிலி வேலையைத் தாண்டியது, கல்லூரி ப்ராக்ஸி மாதிரி ஆள்மாறாட்டம். நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் விண்டோஸில் ஏறியிருப்பதால் குரோம் நம்பும். ஜாவாவில் எழுதியவை பெரும்பாலும் தங்களுக்கென்று தனி நம்பிக்கைப் பட்டியல் வைத்திருப்பதால் நம்பாது. அந்த மூலச் சான்றிதழை அங்கேயும் ஏற்ற வேண்டும். சிலர் ‘சரிபார்ப்பை நிறுத்து’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். செய்யாதீர்கள், அப்புறம் யார் எதை நீட்டினாலும் அந்த மென்பொருள் வாங்கிக்கொள்ளும்.

ஐ.டி. துறைக்கு எழுதும்போது ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் ‘எங்களுக்கு வருகிறதே’ என்றுதான் பதில் வரும். மென்பொருள் எந்தத் தளத்தை, எந்த போர்ட்டில், எத்தனை மணிக்குக் கேட்டது, என்ன எண் திரும்பி வந்தது என்று எழுதுங்கள். அந்த மடலில் ப்ராக்ஸி என்றே இருக்கட்டும், பதிலி என்று போட்டால் எந்த டிக்கெட்டுக்குப் பதில் என்று தேடுவார்கள்.