உருகும் பனியில் ஏரிப் பயணம்: மலையேற்றக் குழு மருத்துவரின் குறிப்புகள்

மரங்கள் முடிந்து வெறும் பாறையும் புல்லும் தொடங்கும் உயரத்தில் இருக்கும் ஏரிகளுக்கு நடந்து போக ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "டாக்டர், எந்த மாசம் போனா பிரச்சினை இருக்காது?" மலையேற்றக் குழுக்களுடன் மருத்துவராகப் போய்வருகிற எனக்கு, இதற்கு ஒரு மாதத்தின் பெயரைச் சொல்ல வாய் வருவதில்லை. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் ஏரிக்குப் போன 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள். ஊரெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த மாதம் அது.

நாட்காட்டி சமவெளிக்கு எழுதப்பட்டது. மேலே ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் இறங்கும். அடிவாரத்தில் 20 டிகிரி இருந்தால் 2,000 மீட்டர் மேலே இருக்கும் ஏரிக்கரையில் 7 டிகிரி. காற்று அடித்தால் உடம்புக்கு அது இன்னும் குறைவாகத் தெரியும். அதோடு ஏரி இருக்கும் இடத்தையும் பாருங்கள். இத்தகைய ஏரிகளில் பெரும்பாலானவை பழைய பனியாறு மலையைக் குடைந்துவிட்டுப் போன குழியில் தேங்கியவை. மூன்று பக்கம் செங்குத்தான சுவர், ஒரு பக்கம் வாசல். வெயில் அங்கே தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். வட அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த குழி என்றால் கேட்கவே வேண்டாம். பாதை முழுக்கக் காய்ந்திருந்தாலும் கடைசி அரை மணி நேர நடையில் மட்டும் பனி கிடக்கும். களைத்துப்போய், "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று நினைக்கும் இடத்தில்தான் அந்தப் பனி காத்திருக்கிறது.

போன வருடம் இதே தேதியில் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். பனி உருகுவது வருடத்துக்கு வருடம் பல வாரங்கள் முன்பின் ஆகும்.

இளவேனில் முடிந்து கோடை தொடங்கும் உருகு காலத்தில் மாதத்தைவிட மணிதான் முக்கியம். இரவு வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேல்பரப்பு இறுகிவிடும். விடியற்காலையில் காலடி பதியாது. வசதியாகத்தான் இருக்கும், ஆனால் வழுக்கும். வழுக்கினால் நிற்க முடியாது. காலணியில் மாட்டும் முள் பட்டையும் கையில் ஊன்றுகோலும் இல்லாமல் அந்நேரம் சரிவைக் கடக்கக் கூடாது. பத்து, பதினொரு மணிக்குமேல் அதே பனி இளகி, ஒவ்வோர் அடிக்கும் முழங்கால்வரை புதையும். முட்டி பிசகுவது, பனிக்குள் ஒளிந்திருக்கும் பாறையில் கணுக்கால் மாட்டி முறிவது எல்லாம் இந்த நேரத்தில் நடப்பவை. பாறையையோ மரத்தையோ ஒட்டியிருக்கும் பனி முதலில் உள்ளே கரைந்து வெற்றிடமாகும். மேலே பார்த்தால் தெரியாது. ஓய்வெடுக்கப் பாறை ஓரமாக ஒதுங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இரவு மேகமூட்டமாக இருந்தால் பனி சரியாக இறுகாது. அப்படிப்பட்ட காலையில் சீக்கிரம் கிளம்பியும் பயனில்லை. விடியும்போதே அது மதியப் பனிதான். கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் நான் முதலில் செய்வது குதிகாலால் பனியை ஓங்கி ஒரு மிதி. சத்தம் கடினமாக வந்தால் நடை. பொதுக்கென்று உள்ளே போனால், அன்றைக்கு ஏரி வேண்டாம் என்ற பேச்சை அப்போதே ஆரம்பித்துவிடுவேன்.

காரணம், ஏரிக்கு மேலே நிற்கும் சுவர்கள். பனிச்சரிவு அதிகம் நிகழ்வது 30 முதல் 45 டிகிரி சாய்வில். ஏரிக் குழியின் சுவர்களில் அந்தச் சாய்வு தாராளமாகக் கிடைக்கும். மதிய வெயிலில் ஈரம் ஏறிய பனி தானாகவே கழன்று வரும். சிறு பனி உருண்டைகள் சரிவில் தாமாக உருண்டு வரத் தொடங்கினால் அது முன்னறிவிப்பு. ஏரிக்கரையில் அமர்ந்து சாப்பிடுகிறவருக்கு, ஓடுவதற்கு எந்தப் பக்கமும் இடமில்லை.

ஓடைகளுக்கும் இதே கணக்குதான். பனி உருகி வரும் ஓடையில் விடியற்காலையில் தண்ணீர் குறைவு. பிற்பகலிலும் மாலையிலும் அதிகம். காலையில் கல் தாண்டிப் போன இடத்தில் திரும்பும்போது தொடைவரை வெள்ளம் நிற்கும். முழங்கால் அளவு வேகமான நீரே ஒருவரை வீழ்த்தப் போதும். தண்ணீர் கலங்கிப் பழுப்பாகி, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் இறங்கவே இறங்காதீர்கள். இரவு தங்கிக் காலையில் கடப்பது அவமானம் அல்ல. கடக்கத்தான் வேண்டுமென்றால் ஓடை அகன்று பல கிளையாகப் பிரியும் இடத்தைத் தேடுங்கள். காலணியைக் கழற்ற வேண்டாம். முதுகுப்பையின் இடுப்பு, மார்புப் பட்டைகளை மட்டும் அவிழ்த்துவிடுங்கள்; விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். நீர் வரும் திசையைப் பார்த்து, கம்பை ஊன்றி, பக்கவாட்டில் அடி வையுங்கள். ஓடைமேல் பாலம்போல் பனி மூடியிருந்து, நடுவில் லேசாகக் குழிந்தோ நிறம் கறுத்தோ இருந்தால் அது பாலம் அல்ல, மூடி.

ஏரியின் மேல் இருக்கும் பனிக்கட்டிக்கும் இது பொருந்தும். தெளிவான, புதிதாக உறைந்த கட்டி 10 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு ஆளைத் தாங்கும் என்று ஒரு கணக்கு புழங்குகிறது. அது குளிர்காலக் கட்டிக்குச் சொன்னது. உருகு காலத்தில் கட்டி தடிமனாக இருந்தாலும் உள்ளே செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்து பலம் இழந்திருக்கும். ஓடை ஏரிக்குள் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் எந்தக் காலத்திலும் மெலிதுதான். உருகு காலத்தில் ஏரிமேல் கால் வைப்பதற்கு எந்தக் காரணமும் நியாயம் ஆகாது, புகைப்படம் உட்பட.

இனி என் துறை. மலையில் குளிர் என்றால் உறைபனியைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குப் பயம் ஐந்து, எட்டு டிகிரியில் பெய்யும் மழைதான். தண்ணீர் உடம்பின் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். அதில் காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. 32வரை நடுக்கம் இருக்கும். அதற்கும் கீழே போகப் போக நடுக்கம் நின்றுவிடும். "இப்போ பரவாயில்லை டாக்டர், நடுக்கம் நின்னுடுச்சு" என்று கூட வந்தவர் நிம்மதியாகச் சொல்வது, நான் கேட்கவே விரும்பாத வாக்கியம்.

ஒருமுறை ஏரியிலிருந்து இறங்கும்போது ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. வரிசையில் கடைசியாக வந்த இளைஞர், சட்டென்று பேச்சைக் குறைத்துவிட்டார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றார். ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றச் சொன்னேன். ஜிப் முனையை விரல் பிடிக்கவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொட்டுக்காட்டச் சொன்னேன். இரண்டும் அருகருகே வந்து நின்றுவிட்டன, தொடவில்லை. உள்ளே தொட்டுப் பார்த்தால் பருத்திச் சட்டை, ஏறும்போது விட்ட வியர்வையிலேயே ஊறிப்போயிருந்தது. மேலே விலையுயர்ந்த மழைக்கோட்டு. தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்தே வந்திருக்கிறது. பாறை மறைவில் தார்ப்பாய் கட்டி, ஈரத்துணி முழுவதையும் மாற்றி, தரையின் குளிர் ஏறாமல் விரிப்பின் மேல் உட்காரவைத்து, தூக்கப்பையில் நுழைத்து, சர்க்கரை கரைத்த வெதுவெதுப்பான பானம் கொடுத்தோம். அரை மணி நேரம் கழித்துத்தான் நடக்கவிட்டோம். அதற்குமுன் நடக்கவிட்டால் கைகாலில் நிற்கும் குளிர்ந்த ரத்தம் உள்ளே திரும்பி, உள்வெப்பத்தை இன்னும் இறக்கும்.

கைகால்களைத் தேய்க்காதீர்கள். மது கொடுக்காதீர்கள், தோலின் ரத்தக்குழாய்களை விரித்து மிச்ச வெப்பத்தையும் வெளியே அனுப்பிவிடும். நடுக்கம் நின்று குழறிப் பேசுகிறவரை எழுப்பி நிறுத்தவே கூடாது; படுக்கவைத்து, குலுக்காமல் சுமந்து இறக்க வேண்டும். அந்த நிலையில் இதயம் சின்ன அசைவுக்கும் தாளம் தப்பும்.

ஏரியைக் கண்டதும் குதிக்கிறவர்களுக்கு ஒரு எண் சொல்கிறேன்: 1-10-1. குளிர்நீர் ஆய்வாளரான கனடாவின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பியது. உறைநிலைக்கு நெருங்கிய நீரில் முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசம் இருக்காது. அடுத்த 10 நிமிடம்வரை கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம் ஆகும். குளிர்நீரில் இறப்பவர்களில் பலர் அந்தக் கடைசி மணி நேரத்துக்குப் போவதே இல்லை. முதல் நிமிடத்துத் திணறலில், வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை இழுத்துவிடுகிறார்கள். இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2,500 மீட்டருக்கு மேலே உள்ள ஏரி என்றால், ஆக்சிஜன் குறைவால் வரும் உயர மலை நோயும் சேர்ந்துகொள்ளும். இதை அளக்க உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் முறைக்கு ஒரு மலை ஏரியின் பெயர்தான்: கனடாவின் லேக் லூயிஸ். 1991இல் அங்கே கூடிய மாநாட்டில் உருவாகி, 2018இல் திருத்தப்பட்டது. (அந்த ஏரி இருப்பதோ 1,800 மீட்டருக்கும் கீழே, அங்கே இந்த நோய் வருவதே அபூர்வம்.) தலைவலி, குமட்டல், அசதி, தலைசுற்றல் நான்குக்கும் 0 முதல் 3வரை மதிப்பெண். தலைவலியோடு மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறவரை, இரவானாலும் துணையோடு கீழே இறக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பருவம் கெடும்போது இந்த விதியைத்தான் முதலில் மீறுவார்கள்: "மழை வர்றதுக்குள்ள போயிடலாம்" என்று இரண்டு நாள் நடையை ஒரே நாளில் முடிப்பார்கள்.

இலையுதிர் காலம் இதைவிட எளிது. ஓடைகள் வற்றியிருக்கும், வானமும் தெளிவு. பகல் சுருங்குவதையும், காலையில் பாறைமேல் கண்ணாடிபோல் படியும் மெல்லிய பனியையும் கவனித்தால் போதும். ஹெட்லாம்ப் எல்லோர் பையிலும் இருக்கட்டும், ஒருவர் பையில் மட்டும் அல்ல. குளிரில் போன் பேட்டரி திடீரென்று விழும். உள்சட்டைப் பையில் வையுங்கள். இடி மின்னல் காலத்தில் நண்பகலுக்குள் ஏரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

முன்பதிவுக்கு முன் வழிகாட்டியிடம் போனில் கேளுங்கள்: கடந்த மூன்று நாளில் ஏரிவரை போய்வந்தவர் யார்? கடைசி ஓடையை அவர்கள் எத்தனை மணிக்குக் கடந்தார்கள்? ஏரிக்கு எத்தனை மணிக்குள் போய்ச் சேராவிட்டால் குழுவைத் திருப்புவீர்கள்? மூன்றுக்கும் எண்ணும் ஆளும் பதிலாக வர வேண்டும். "எல்லாம் நல்லா இருக்கு சார், வாங்க" என்பது மட்டுமே பதிலென்றால் வேறு வழிகாட்டியைப் பாருங்கள்.