படத்தில் அம்மா எங்கே?

பிரசவமாகி ஐந்து மாதமான ஒரு தாயிடம், "உங்களுடைய ஒரு நாளை வரையுங்கள்" என்று தாளைக் கொடுத்தேன். நடுவில் குழந்தையைப் பெரிதாக வரைந்து, விரல் நகம் வரை வண்ணம் தீட்டினார். "இதில் நீங்கள் எங்கே?" என்று கேட்டேன். வெகுநேரம் படத்தையே பார்த்தவர், தாளின் ஓரத்தில் பால் பாட்டிலைப் பிடித்த ஒரு கையை மட்டும் பென்சிலால் வரைந்தார். அப்புறம் அழுதார். (அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஓவியம் வழியாக மனநல ஆலோசனை தருவது என் வேலை. இப்படிப்பட்ட படங்கள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. இந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளை மீது பாசம் குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாசம் நிறையவே இருக்கிறது. முன்பு இருந்த 'நான்' எங்கே போனேன் என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. தாயாகும்போது ஒரு பெண்ணின் உடம்பு, மனசு, உறவுகள் எல்லாமே மாறுகின்றன. மானுடவியலாளர் டானா ராஃபேல் 1973-இல் இந்த மாற்றத்துக்கு 'மேட்ரசென்ஸ்' என்று பெயர் வைத்தார். பதின்வயதுப் பிள்ளை தடுமாறினால் 'வயசு அப்படி' என்று பொறுத்துக்கொள்கிறோம். புதிதாகத் தாயானவளுக்கும் அதே பொறுமை கிடைக்க வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோ 1872-இல் வரைந்த 'தொட்டில்' ஓவியத்தை இவர்களுக்குக் காட்டுவேன். மெல்லிய திரைக்குள் குழந்தை தூங்குகிறது. கன்னத்தில் கைவைத்தபடி அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "எவ்வளவு அமைதி!" என்பார்கள். அந்த அம்மா மொரிசோவின் அக்கா எட்மா. இருவரும் சேர்ந்தே ஓவியம் கற்றவர்கள். பாரிஸின் சலோன் கண்காட்சியில் இருவருடைய படங்களும் இடம்பெற்றிருக்கின்றன. 1869-இல் திருமணமான பிறகு எட்மா வரைவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். இதைச் சொல்லிவிட்டு, அதே முகத்தை மறுபடி பார்க்கச் சொல்வேன். "பாசமாத்தான் பாக்கறாங்க, ஆனா மனசு வேற எங்கயோ இருக்கு" என்றார் ஒருவர். எட்மாவின் மனதில் என்ன இருந்ததோ, அது வேறு விஷயம். ஆனால் பாசமும் ஏக்கமும் ஒரே முகத்தில் இருக்கலாம் என்று தெரிந்த பிறகு, பலர் தங்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தடித்த தாளைத் தண்ணீரால் ஈரமாக்குங்கள். குழந்தைக்கு முன்பிருந்த உங்களுக்கு ஒரு நிறம், இப்போதைய உங்களுக்கு ஒரு நிறம். வாட்டர்கலரில் இரண்டையும் எதிரெதிர் ஓரங்களிலிருந்து பரவவிடுங்கள். அவை சந்திக்கும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். சிலருக்குக் கலங்கிச் சேறாகும், சிலருக்குப் புது நிறம் பிறக்கும். எதுவானாலும் சரி, அழகாக வர வேண்டியதில்லை. பின்பக்கம் தேதி எழுதி வையுங்கள். டர்பன்டைன் தேவைப்படும் எண்ணெய் வண்ணங்கள் மட்டும் இப்போது வேண்டாம். அந்த நெடி கைக்குழந்தைக்கு ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கறுப்பு வண்ணத்தைப் பார்த்ததும் மனச்சோர்வு என்று முடிவுகட்டாதீர்கள். நிறத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. "இதைப் பத்திச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் அழுகையும் எரிச்சலும் பலருக்கும் வந்து போகும். அதற்கு மேலும் நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலோ, மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்டறியும், பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் மூலம் மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்று அவர் பார்ப்பார். உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால், அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த நிலையில் ஓவியத்தை நம்பிக் காத்திருக்கவே கூடாது.

அந்தத் தாய் ஏழாவது முறை வந்தபோது, கையோடு சேர்த்து ஒரு தோளும் கழுத்தும் வரைந்திருந்தார். முகம் இன்னும் வரையவில்லை. அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.