ரைக்ஸ்ட்ராசெ: எந்தப் பேரரசரின் சாலை?

ஜெர்மனியின் ரைக்ஸ்ட்ராசெ 1 என்ற சாலையை 'முன்னாள் பேரரசு நெடுஞ்சாலை 1' என்று தமிழில் பெயர்த்திருப்பதை இன்னொரு கட்டுரையிலும் படித்தாயிற்று. இனிமேலும் பேசாமல் இருக்க முடியவில்லை. 1932இல் எண்ணும் 1934இல் ரைக்ஸ்ட்ராசெ என்ற பெயரும் பெற்ற சாலைக்குப் பேரரசர் எங்கிருந்து வந்தார்? கடைசிக் கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், இரண்டாம் வில்ஹெல்ம் 1918 நவம்பரிலேயே முடியிழந்து நெதர்லாந்துக்குப் போய்விட்டாரே!

மூலச்சொல் ரைக்ஸ்ட்ராசெ. ஸ்ட்ராசெ என்றால் சாலை. லத்தீன் வழி வந்தது, ஆங்கில ஸ்ட்ரீட்டுக்கும் அதே வேர். சரி, அதில் தகராறில்லை. ரைக்தான் சிக்கல். லத்தீன் ரெக்ஸுக்கும் வடமொழி ராஜனுக்கும் உறவான சொல். ஆளப்படும் நாடு என்று பொருள். பிரான்ஸை ஜெர்மானியர் இன்றைக்கும் ஃபிராங்க்ரைக் என்கிறார்கள். அதை யாராவது பேரரசு என்று பெயர்க்கிறார்களா? ஜெர்மனியின் 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முதல் பிரிவே 'ஜெர்மன் ரைக் ஒரு குடியரசு' என்கிறது. கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியின் ரயில்வேகூட ரைக்ஸ்பான் என்ற பெயரில்தான் ஓடியது. அதையும் பேரரசு ரயில் என்று எழுதுவோமா? ஆங்கிலத்தில் இம்பீரியல் என்று கண்டதும் மூலத்தைத் திறந்து பார்க்காமல் பெயர்ப்பதால் வரும் வினை இது.

1934ஆம் ஆண்டுச் சட்டம் சாலைகளைத் தரம் பிரித்தது. நடுவண் அரசின் பொறுப்பில் வருவது ரைக்ஸ்ட்ராசெ. அதற்குக் கீழே முதல்நிலை, இரண்டாம்நிலை லாண்ட்ஸ்ட்ராசெ, அதாவது வட்டாரச் சாலைகள். ஆக, இங்கே ரைக் என்பது நடுவண் அரசு. 'நடுவணரசுச் சாலை' என்பதே பொருந்தும். தேசிய நெடுஞ்சாலை போதும் என்பார்கள். புரியும்தான். ஆனால் தேசியம் என்பது அன்று ஆண்ட நாஜிக் கட்சியின் முழுப்பெயரிலேயே இருந்த சொல். சாலையின் பெயரில் இல்லாததை நாம் ஏன் ஒட்டவேண்டும்? போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் இதே சாலைகள் பண்டஸ்ட்ராசெ, அதாவது கூட்டாட்சிச் சாலை ஆயின. நடுவணரசு என்று வைத்தால்தான் ரைக் போய் பண்ட் வந்த மாற்றம் தமிழிலும் தெரியும்.

முதலாம் எண் சாலை, ஆகன் அருகே நெதர்லாந்து எல்லையில் தொடங்கி எசன், டோர்ட்முண்ட், மாக்டெபர்க், பெர்லின், கூனிக்ஸ்பெர்க் வழியாக லித்துவேனிய எல்லைவரை போனது. 1939 வரை நடுவே ஒரு துண்டு போலந்து மண்ணில் கிடந்தது. இன்று அது ஓடர் ஆறுவரை பெரும்பாலும் ஜெர்மனியின் கூட்டாட்சிச் சாலை 1. ஆற்றுக்கு அப்பால் பெரும்பகுதி போலந்தின் 22ஆம் எண் சாலை. கூனிக்ஸ்பெர்க் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட்.

அப்புறம் அந்த 'முன்னாள்'. அமைச்சருக்கும் மாணவருக்கும் முன்னாள் பொருந்தும். 'முன்னாள் பேரரசு நெடுஞ்சாலை' என்றால் முன்னாள் ஆனது பேரரசா, சாலையா? 'பழைய நடுவணரசுச் சாலை 1' என்று எழுதுங்கள், போதும்.